நெருப்பைச் சுமக்கும் எவர்சில்வர்

தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்கள் எதை விட்டுவந்தாலும் எவர்சில்வர் பாத்திரங்களை விட்டுவருவதில்லை. தில்லியானாலும் மும்பையானாலும், கொல்கத்தாவானாலும் ஜாம்ஷெட்பூரானாலும், நம் வீட்டு அடுக்களையில் பெயர் பொறித்த தூக்குகளும் டபரா தம்ளர்களும் வரிசையாய் நிற்பதைக் காணலாம். துருப்பிடிக்காது, கறுக்காது, தலைமுறை தலைமுறையாய் உழைக்கும் என்பது அவ்வுலோகத்திற்கு நம் இல்லத்தரசிகள் வழங்கியுள்ள நற்சான்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் எஃகு, பளபளப்பு ஏதுமின்றி, நாம் ஏறிச் செல்லும் காரின் அடியிலும் ஸ்கூட்டரின் பக்கத்திலும் நெருப்பைச் சுமந்துகொண்டு உழைத்துவருகிறது. நாம் வாழும் நகரங்களின் காற்று எவ்வளவு தூய்மையாக இருக்கும், நாம் வாங்கும் பெட்ரோல் எவ்வளவு வீணாகும் என்பவற்றில் அந்த எஃகிற்கும் ஒரு பங்கு உண்டு. அதனை அறிஞர்கள் எவ்வாறு வகுத்தமைக்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

சைலன்சர் என்னும் நீண்ட பாதை

பட்டறைகளில் 'சைலன்சர்' என்ற ஒரே சொல்லால் முழுவதையும் குறிப்பிட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது பல உறுப்புகள் கோத்த ஒரு தொடர். எஞ்சினின் சிலிண்டர்களிலிருந்து வெளிப்படும் எரிந்த வாயுவை முதலில் ஏந்திக்கொள்வது 'மேனிஃபோல்டு' எனப்படும் கிளைக்குழாய். சில வண்டிகளில் அதையடுத்து டர்போ சார்ஜர் இருக்கும். பின்னர் நச்சு வாயுக்களைத் தணிக்கும் 'கேட்டலிடிக் கன்வர்ட்டர்', அதாவது வினையூக்கி மாற்றி. அதன்பின் நீண்ட குழாய். ஒலியை அடக்கும் சைலன்சர் இறுதியில்தான் வருகிறது.

பெட்ரோல் கார் ஒன்று முழு விசையுடன் ஓடும்போது மேனிஃபோல்டை அடையும் வாயுவின் வெப்பம் 900 முதல் 1,000 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறக்கூடும். டீசல் எஞ்சினில் அது சில நூறு டிகிரி குறைவு. கொல்லன் உலையில் இரும்பு செக்கச்செவேலெனப் பழுத்துச் சம்மட்டிக்கு இணங்கும் வெப்பம் அது. கொல்லன் இரும்பை வளைப்பதற்காக அவ்வெப்பத்தை நாடுகிறான். மோட்டார்ப் பொறியாளரோ, அதே வெப்பத்தில் உலோகம் வளையாமலும் வெடிக்காமலும் செதில் உதிராமலும் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும் என்கிறார். இவ்விரண்டு வேண்டுகோளுக்கும் இடையேயுள்ள தூரமே இந்த எஃகை வகுப்பவர்களின் வேலை.

வெப்பத்தைத் தணித்துவிடலாகாதா?

வாயுவைக் குளிரச் செய்துவிட்டால் சாதாரண இரும்பே போதுமே என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் வெப்பம் இல்லாவிட்டால் வினையூக்கி மாற்றி வேலை செய்யாது. அதனுள் பூசப்பட்டிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை சூடேறிய பின்னரே கார்பன் மோனாக்ஸைடு முதலிய நச்சுகளைச் செவ்வனே மாற்றத் தொடங்குகின்றன. காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் ஒரு நிமிடத்தில் வெளிப்படும் நஞ்சு, அதன்பின் வெகுநேரம் ஓடும்போது வெளிப்படும் நஞ்சைவிட மிகுதியாக இருப்பது இதனால்தான்.

ஆகவே மாற்றியை எஞ்சினுக்கு மிக அருகே கொண்டுவந்து வைத்தார்கள். கனத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வெப்பத்தைத் தானே குடித்துவிடுவதால், பல கார்களில் அதற்குப் பதிலாக இரண்டு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள எஃகுத் தகட்டாலான மேனிஃபோல்டை வைத்தார்கள். மெல்லிய தகடு விரைவில் சூடேறும். மாற்றியும் விரைவில் விழித்துக்கொள்ளும். ஆயின் கனத்த வார்ப்பு மேற்புறத்தில் சிறிது அரிக்கப்பட்டாலும் உள்ளே மிச்சம் இருந்தது. மெல்லிய தகட்டுக்கு அந்த மிச்சம் இல்லை. காற்றைத் தூய்மையாக்கும் பொருட்டே எஃகின் தலையில் பாரம் ஏறியது என்று சொல்லலாம்.

நம் நாட்டில் இந்தப் பாரம் படிப்படியாக ஏறிற்று. 1995 ஏப்ரல் முதல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. ஈயம் அதனைக் கெடுத்துவிடும் ஆதலால், 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. 2017-இல் பாரத் ஸ்டேஜ் நான்காம் விதி நாடு முழுவதும் வந்தது. ஐந்தாம் படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் முதல் நாளன்று நேரே ஆறாம் விதிக்குச் சென்றோம். அவ்விதிக்கேற்ற டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேர்ந்த கரியை எரித்து அகற்ற அவ்வப்போது வாயுவை ஏறத்தாழ 600 டிகிரிக்கு உயர்த்த வேண்டியிருக்கிறது. முன்பு ஒப்புநோக்கக் குளிர்ந்திருந்த டீசல் குழாய்க்கும் இவ்வாறு சோதனைக்காலம் வந்துசேர்ந்தது.

மற்றொரு செய்தியையும் இங்கே கூற வேண்டும். மேடேறும்போதும் விரைந்து செல்லும்போதும் மேனிஃபோல்டும் மாற்றியும் தாங்காமற் போய்விடுமோ என்று அஞ்சி, எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோலைச் செலுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எரியாத பெட்ரோல் ஆவியாகி வாயுவின் வெப்பத்தைத் தணிக்கும். அந்தப் பெட்ரோல் வண்டியை ஓர் அடியும் நகர்த்துவதில்லை. உலோகத்தைக் காப்பதற்காகவே செலவழிகிறது. அதோடு கார்பன் மோனாக்ஸைடையும் பெருக்குகிறது. எஃகு இன்னும் ஐம்பது டிகிரி தாங்குமானால் அந்த வீண்செலவு அந்த அளவுக்குக் குறையும்.

துருவே கவசம்

இந்த எஃகின் வரலாற்றில் தென்னிந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. தென்னாட்டில் சிறு களிமண் கலங்களில் உருக்கப்பட்ட 'ஊட்ஸ்' எஃகு ஐரோப்பிய அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. அதனை ஆராய்ந்து 1819-இல் ஒரு கட்டுரை வெளியிட்டவர், பின்னாளில் மின்சாரத் துறையில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே. ஊட்ஸின் சிறப்புக்கு அதிலுள்ள அலுமினியமும் சிலிக்கானுமே காரணம் என்று அவர் கருதினார். உண்மையான காரணம் கரி, அதாவது கார்பன், என்று பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அந்த ஆராய்ச்சி அவரை எஃகோடு வேறு உலோகங்களைக் கலந்து பார்க்கத் தூண்டியது. அவரும் ஸ்டோடார்ட்டும் 1822-இல் வெளியிட்ட கட்டுரையில் குரோமியம் கலந்த எஃகும் இடம்பெற்றது.

ஆயினும் குரோமியத்தின் முழு வலிமை வெளிப்பட மேலும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 1913-இல் இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், வெப்பத்தாலும் வெடிமருந்தாலும் அரிக்கப்படாத துப்பாக்கிக் குழல் வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை அவர் உருக்கிப் பார்த்தபோது, அது அமிலங்களுக்கும் எளிதில் இணங்காததைக் கண்டார். சாப்பாட்டு மேசைக் கத்திகளாக அது பெயர் பெற்றதை அனைவரும் அறிவர். முதல் உலகப் போரின்போது அது விமான எஞ்சின்களின் புகை வெளியேற்றும் வால்வுகளுக்குப் பயன்பட்டது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. எவர்சில்வர் இனம் பிறந்த நாளிலேயே நெருப்பின் வாயிலில் காவல் நின்றது.

அதன் இரகசியம் எளிமையானது. எந்த எஃகும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேராமல் இருப்பதில்லை. சாதாரண இரும்பில் உண்டாகும் துரு பொருபொருவென்று உதிர்ந்து, மேன்மேலும் இரும்பைத் தின்னும். குரோமியம் போதிய அளவு இருந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குரோமியம் ஆக்ஸைடுப் படலம் உண்டாகி, அடியிலுள்ள உலோகத்தை மூடிக்காக்கிறது. அதுவும் ஒருவகைத் துருவே; நாம் விரும்பும் துரு. படலம் தடிக்கத் தடிக்கப் பிராணவாயு அதனூடே செல்வது கடினமாகிறது. ஆகவே ஒரு மணி நேரத்தில் உண்டாகும் தடிமன் இரு மடங்காக நான்கு மணி நேரமும், மும்மடங்காக ஒன்பது மணி நேரமும் வேண்டியிருக்கும். நல்ல கவசம் தன் வளர்ச்சியைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது.

இக்கவசத்துக்கு ஒரு பகை உண்டு; அது நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அவ்வளவும் ஆவியாய்க் குழாய் வழியே செல்ல வேண்டும். உயர்ந்த வெப்பத்தில் நீராவி குரோமியம் ஆக்ஸைடோடு கூடி, அதனைச் சிறிது சிறிதாக ஆவியாக்கிக் கொண்டுபோய்விடுகிறது. உலர்ந்த காற்றில் சோதித்துத் தேறிய எஃகு, வண்டியில் பொருத்தியதும் தோற்றுப்போவதற்கு இது ஒரு காரணம். ஆதலால் இன்றைய சோதனைச் சாலைகளில் உலையினுள் நீராவியையும் செலுத்தியே மாதிரிகளைச் சூடேற்றுகிறார்கள்.

அளவறிந்து கலத்தல்

குரோமியம் நல்லதென்றால் அதை அள்ளிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. குரோமியம் மிகுந்த எஃகை 475 டிகிரி அருகே நெடுநேரம் வைத்திருந்தால் அது கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பை அடைகிறது. அதற்கு மேற்பட்ட வெப்பத்திலும் 'சிக்மா' எனப்படும் கடினமான பொருள் உள்ளே விளைந்து அதே தீங்கைச் செய்கிறது. ஆகவே 11 முதல் 20 சதவீதத்துக்குள்ளேயே பெரும்பாலான புகைக்குழாய் எஃகுகள் நின்றுவிடுகின்றன.

இனி நிக்கலைப் பார்ப்போம். நம் அடுக்களையிலுள்ள உயர்ந்த எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. பாத்திரக் கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் மட்டம் என்று தள்ளிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. புகைக்குழாய் விஷயத்தில் அந்தச் சோதனை செல்லாது. அங்கே பெரும்பாலும் பயன்படுவது காந்தத்தில் ஒட்டும், நிக்கல் இல்லாத, 'ஃபெரைட்' வகை எஃகே. 1960-களில் அமெரிக்காவில் சைலன்சர்களுக்கென்றே உருவான 409 என்னும் எஃகு அவ்வகையினது. ஏறத்தாழ 11 சதவீதம் குரோமியமும் சிறிது டைட்டானியமும் கொண்ட அது, உலகெங்கும் இலட்சக்கணக்கான வண்டிகளில் உழைத்திருக்கிறது.

சிக்கனம் இதற்கு ஒரு காரணம். நிக்கல் விலையுயர்ந்தது, நம் தேவைக்கு இறக்குமதியையே நம்பியிருக்கிறோம். 2022 மார்ச் 8 அன்று இலண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் நிக்கலின் விலை 1,00,000 டாலரைத் தாண்டி, வாணிபத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அதனினும் ஆழமான காரணம் விரிவடையும் இயல்பில் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள நிக்கல் எஃகுக் குழாயை 900 டிகிரிக்குச் சூடேற்றினால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் நீளும். ஃபெரைட் எஃகோ 11 மில்லிமீட்டர் அளவே நீளும். குழாயின் இரு முனைகளும் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால், நீள இடமின்றி அது தன்னைத்தானே நெருக்கிக்கொள்கிறது, குளிரும்போது இழுபடுகிறது. ஒவ்வொரு நாளும் கிளப்பி நிறுத்தும்போது இந்நெருக்கமும் இழுப்பும் மாறிமாறி நிகழ்ந்து, கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல ஒருநாள் வெடிப்பு காண்கிறது. மிகையாக நீண்டு சுருங்கும் உலோகத்தின் மேலிருந்து காக்கும் படலமும் உதிர்ந்துவிடுகிறது.

அப்படியானால் நிக்கல் எஃகே வேண்டாமா? அதையும் விட முடியாது. ஃபெரைட் எஃகு 900 டிகிரியில் தன் இயல்பான வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே வைத்திருக்கிறது; நிக்கல் எஃகு அவ்வெப்பத்தில் அதைவிட உறுதியாக நிற்கும். ஆகவே மிகக் கடுமையான இடங்களான டர்போ சார்ஜரின் கூடு, விசைமிக்க கார்களின் மேனிஃபோல்டு ஆகியவற்றிற்கு நிக்கலும், நீண்ட குழாய்க்கு ஃபெரைட்டும் என்று இடமறிந்து பங்கிடுகிறார்கள். வெப்பம் குறைந்த எஞ்சின்களுக்குச் சிலிக்கானும் மாலிப்டினமும் கலந்த வார்ப்பிரும்பே இன்றும் போதுமானதாக இருக்கிறது.

ஃபெரைட் எஃகின் வலிமையை உயர்த்தவும் ஒரு வழி கண்டார்கள். பற்றவைக்கும் இடங்களில் எஃகிலுள்ள கரி, குரோமியத்தைக் கவர்ந்துகொண்டு அதன் காவலைப் பறித்துவிடும். டைட்டானியமோ நியோபியமோ சிறிது சேர்த்தால், கரி அவற்றோடு முந்திச் சேர்ந்துகொள்ள, குரோமியம் தப்பிவிடுகிறது. நியோபியம் அதோடு நில்லாமல், வெப்பத்தில் எஃகு மெல்ல இழுபட்டு நீளுவதையும் தடுக்கிறது. 18 சதவீதம் குரோமியத்தோடு இவ்விரண்டையும் சேர்த்த 441 என்னும் எஃகு மேனிஃபோல்டுகளிலும் இடம்பெறுவது இதனால்தான். நாள்பட நாளப்பட நியோபியத்தின் நுண்துகள்கள் பருத்து அந்த வலிமை சிறிது தளரும். புதிய எஃகின் வலிமையை மட்டும் அளந்து கணக்குப் போடுபவர் ஏமாந்துபோவார்.

சிறு துளியின் பெருமை

ஃபாரடே ஊட்ஸில் தேடிய அலுமினியம் இங்கே மறுபடியும் வருகிறது. சில மாற்றிகளின் உட்கூடு, ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தாளைத் தேன்கூடுபோல் சுருட்டிச் செய்யப்படுகிறது. தலைமயிரை ஒத்த அந்தத் தாளுக்குக் குரோமியப் படலம் போதாது. எனவே 20 சதவீதம் குரோமியத்தோடு 5 சதவீதம் அலுமினியமும் கலந்த எஃகைக் கையாளுகிறார்கள். அலுமினியம் ஆக்ஸைடுப் படலம் மிக மெதுவாக வளர்வது; நீராவிக்கும் எளிதில் அஞ்சாதது. அவ்வளவு நல்ல எஃகை முழுக் குழாய்க்கும் பயன்படுத்தாததற்குக் காரணம், அலுமினியம் மிகுந்தால் எஃகு முறியும் இயல்படைந்து, தகடாக உருட்டுவதும் வளைப்பதும் பற்றவைப்பதும் கடினமாகிவிடுவதே.

இந்த எஃகில் மிகக் குறைந்த அளவே சேரும் மற்றொரு பொருளும் உண்டு. இட்ரியம், சீரியம் போன்ற அருமண் உலோகங்களில் ஒன்றை ஆயிரத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவாகவோ சேர்த்தால், படலம் உதிராமல் இறுகப் பற்றிக்கொள்கிறது. மின்னடுப்புக் கம்பிகளை ஆராய்ந்த பிஃபைல் என்ற அறிஞரின் பெயரால் 1937-இல் பதிவான காப்புரிமையில் இவ்வுண்மை இடம்பெற்றது. சீரியம் கிடைக்கும் தாதுக்களில் ஒன்று மோனசைட். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்த தாது அதுவே.

வெளிச்சத்துக்கு வராத விலை

நம் நாட்டுக் குரோமியத் தாதுவில் 90 சதவீதத்திற்கும் மேற்பட்டது ஒடிசாவில் இருக்கிறது; அதில் பெரும்பகுதி ஜாஜ்பூர் மாவட்டத்துச் சுகிந்தா பள்ளத்தாக்கில். நாம் வாழும் நகரங்களின் காற்றைக் காக்கும் உலோகம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. அதே பள்ளத்தாக்கில் சுரங்கங்களிலிருந்து கசிந்த, ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியம், மக்கள் பயன்படுத்தும் நீரைக் கெடுத்தது. 2007-இல் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உலகில் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் சுகிந்தாவையும் சேர்த்தது. ஓரிடத்து மக்களின் மூச்சைக் காக்க மற்றோரிடத்து மக்களின் தண்ணீரைக் கெடுப்பது அறமாகாது. ஓர் எஃகில் இரண்டு சதவீதம் குரோமியத்தைக் குறைத்தும் அதே உழைப்பைப் பெற முடியுமாயின், அந்த வெற்றியைப் பணத்தால் மட்டும் அளக்கக் கூடாது.

நாம் செய்யத் தக்கவை

இவ்வளவு கருத்தோடு வகுத்த பொருளை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் சிந்திக்கத் தக்கது. குளிர்காலக் காலையில் புகைக்குழாயிலிருந்து நீர் சொட்டுவது கோளாறன்று. எரிபொருளில் பிறந்த ஆவியே அது. ஆனால் நாள்தோறும் கடைத்தெரு வரை மட்டுமே வண்டியை ஓட்டி நிறுத்தினால், அந்த அமிலம் கலந்த நீர் உலராமல் சைலன்சரினுள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வாரம் ஒருமுறையேனும் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவது நல்லது. எஞ்சின் விட்டுவிட்டு எரிந்தாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ உடனே கவனிக்க வேண்டும். எரியாத பெட்ரோல் மாற்றியினுள் புகுந்து அங்கே பற்றினால், எந்த எஃகும் தாளும் தாங்காது. கம்பீரமான ஓசை வேண்டுமென்று நம் இளைஞர்கள் சிலர் பைக்கின் சைலன்சரோடு மாற்றியையும் கழற்றிவிடுகிறார்கள். அது விதிக்கு மாறானது என்பதோடு, தெருவில் விளையாடும் குழந்தைகளின் மூச்சில் நஞ்சைக் கலப்பதும் ஆகும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் எடுத்துரைக்க வேண்டும்.

மின்சார வண்டிகள் பெருகிவரும் இந்நாளில் இந்த ஆராய்ச்சி இனி எதற்கு என்று சிலர் எண்ணலாம். நெடுந்தூரம் செல்லும் லாரிகளும், எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டிகளும் இன்னும் பல ஆண்டுகள் சாலையில் இருக்கும். பின்னவற்றில் எஞ்சின் அடிக்கடி நின்று நின்று கிளம்புவதால் மாற்றி குளிர்ந்துபோவதும், உலோகம் விரிந்து சுருங்குவதும் மிகுதி. சிக்கல் தீரவில்லை, வடிவம் மாறியிருக்கிறது.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1923-இலேயே உலோகவியல் கல்வி தொடங்கிற்று. சேலம் எஃகு ஆலை 1980-களின் தொடக்கத்திலிருந்து எவர்சில்வர் தகடுகளை உருட்டிவருகிறது. எஃகு நகரங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இத்துறை அயலானது அன்று. கணினியை நாடிச் செல்வோரில் ஒரு சிலரேனும் உலையின் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். நிக்கல் இல்லாமல், 1,000 டிகிரியைத் தாங்கி, தகடாக உருட்டவும் குழாயாக வளைக்கவும் இணங்கி, சாதாரண ஸ்கூட்டருக்கும் கட்டுப்படியாகும் விலையில் ஓர் எஃகு வேண்டும். அது இன்னும் கிடைத்தபாடில்லை.